கஞ்சித் தண்ணீர் போன திசை

இந்த வருடம் பொதுப்பணித் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் கட்டிய பாலங்களைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பாலங்கள் அங்கேதான் நிற்கின்றன, வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் எழுதப்போவது நான் தேர்வில் தோற்ற கதை. உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். வேலை பார்த்த காலம் முழுவதும் நான் வெட்டச் சொன்ன எந்த வாய்க்காலிலும் தண்ணீர் திரும்பி வந்ததில்லை. இதைக் கொஞ்சம் திமிரோடுதான் சொல்கிறேன். அந்தத் திமிர் எனக்கு எங்கே கிடைத்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு படிப்பு நடந்தது. பிரெஞ்சு தேசத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரால், எங்கள் ஊர்க் கல்லூரியிலேயே மூன்று வருடப் பொறியியல். கேள்வித்தாள் முத்திரை வைத்த உறையில் கப்பலில் வரும். கப்பல் தாமதமானால் தேர்வும் தாமதமாகும். ஊர்ப் பிள்ளைகளில் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தார்கள். அந்த உதவித்தொகைக்கு எங்கள் ஊரில் ‘பூர்ஸ்’ என்று பெயர். அது கிடைத்தவனைத் தெருவில் கண்டால் பெரியவர்கள்கூட ஒரு நிமிடம் நின்று பேசுவார்கள். படிப்பை முடித்தவனுக்கு அரசாங்கப் பொதுப்பணியில் வேலை உறுதி.

ஆறு பேரைப் பொறுக்கிய நாளைச் சொல்லியாக வேண்டும். எழுத்துத் தேர்வெல்லாம் முடிந்து, கடைசியாக நேரில் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் பெரிய எஞ்சினியர் உட்கார்ந்திருந்தார். சிவந்த கழுத்தும் வெள்ளைத் தொப்பியுமாக இருந்த பிரெஞ்சுக்காரர். கணக்கு கேட்பார் என்று நான் இரவல் புத்தகங்களை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

“நீ உள்ளே வந்தாயே, அந்த வாசற்கதவின் அகலம் என்ன?”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஒரு மீட்டரும் இருபது சென்டிமீட்டரும், முசியே” என்றேன். பிரெஞ்சுக்காரரை ‘ஐயா’ என்பதற்கு எங்கள் ஊரில் அதுதான் சொல். குமாஸ்தா போய் அளந்தார். சரியாக இருந்தது. என் அப்பா தையற்காரர். துணியைக் கண்ணால் பார்த்தே அளவு சொல்லும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஆனாலும் அன்று சரியாக வந்தது முக்கால்வாசி அதிர்ஷ்டம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

எனக்கு அடுத்து ராஜமாணிக்கம். மேற்கே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம், அவன்தான் அந்த வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டியவன். அவனிடமும் அதே கேள்வி. “தெரியாதுங்க முசியே, அளந்து வந்து சொல்றேன்” என்று சொல்லிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். துண்டால் கதவை அளந்து, துண்டை மேசைமேல் விரித்து, “இதுல இம்மாம் அகலங்க” என்று விரல் வைத்துக் காட்டினான். வராந்தாவில் நின்ற நாங்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவனையும் எடுத்துக்கொண்டார்கள், என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

எனக்கு அன்று தலைக்கேறியது மூன்று வருடமாக இறங்கவில்லை. வகுப்பில் எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குவேன். கண்ணால் பார்த்து உயரம் சொல்வேன், பெரும்பாலும் சரியாக இருக்கும். ராஜமாணிக்கம் எதையும் அளக்காமல் சொல்ல மாட்டான். “டேய், நீ சோறு போட்டாலும் அளந்துட்டுதான் சாப்புடுவியா?” என்று கேலி செய்வேன். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். எங்கள் இருவருக்கும் நல்ல ஒட்டுதல். கடைசி வருட வேலைக்கு இரண்டிரண்டு பேராகச் சேரச் சொன்னபோது, அவன் நேராக என் பக்கம் வந்து நின்றான்.

கடைசி வருட வேலை என்பது காகித வேலை இல்லை. ஊருக்குள் நிஜமாகவே வெட்டப்போகிற ஒன்றுக்கு நாங்கள் வரைபடம் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு வந்தது முத்தியால்பேட்டை வாய்க்கால். முத்தியால்பேட்டைக்கு மேற்கே ஒரு குட்டை. ஐப்பசி மழைக்கு அது நிரம்பி வழிந்து பக்கத்து நெசவுத் தெருவுக்குள் வந்துவிடும். அங்கே எல்லாம் குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து நெய்கிற தறி. தெருவில் முழங்கால் தண்ணீர் என்றால் தறிக்குழிக்குள் இடுப்பளவு. மழை விட்டு மாதக்கணக்காகியும் ஈரம் போகாது, தறி ஓடாது. அந்தக் குட்டைத் தண்ணீரை நெசவுத் தெரு வழியாகக் கிழக்கே கடலுக்குக் கொண்டுபோக ஒரு வாய்க்கால். அதற்கான மட்டம் பார்த்து வரைபடம் கொடுப்பது எங்கள் வேலை.

பாதியைப் பிரித்துக்கொண்டோம். கடற்கரையிலிருந்து நெசவுத் தெரு வரை அவன் பார்க்க வேண்டும், குட்டையிலிருந்து நெசவுத் தெரு வரை நான். உயரத்தையெல்லாம் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுவது உங்களுக்குத் தெரியும். எங்கள் அரசாங்கத்துக்குக் கடற்கரையில் ஒரு கல் இருந்தது, அதில் ஓர் உயரம் குறித்திருந்தது. ராஜமாணிக்கம் அதிலிருந்து தொடங்கினான். நானும் அந்தக் கல்லிலிருந்தே தொடங்கி, மட்டம் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிக் குட்டைவரை போயிருக்க வேண்டும். நாலு நாள் வேலை, நல்ல வெயில் வேறு.

குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு வரப்பு. வரப்பைத் தாண்டினால் இங்கிலீஷ்காரன் எல்லை. எங்கள் ஊர் அப்படித்தான், பிரெஞ்சு நிலமும் இங்கிலீஷ் நிலமும் கட்டம் போட்ட துணி போலக் கலந்து கிடக்கும். வரப்புக்கு அப்பால் பத்தடி தூரத்தில் அவர்களுடைய கல் ஒன்று நின்றது. அதிலும் உயரம் வெட்டியிருந்தது, அடிக்கணக்கில். ‘அந்தப் பக்கத்துச் சங்கதி எதையும் எனக்குச் சொல்லாமல் எடுக்காதே’ என்று பெரிய எஞ்சினியர் முதல் நாளே எச்சரித்திருந்தார். நான் வரப்பைத் தாண்டினேன். அடியை மீட்டராக மாற்றி எழுதிக்கொண்டேன். நாலு நாள் வேலையை ஒரே காலையில் முடித்துவிட்ட சந்தோஷத்தில் வரும் வழியில் இளநீர்கூடக் குடித்தேன். அடியை மீட்டராக மாற்ற எனக்குத் தெரியும். இங்கிலீஷ்காரன் தன் கடல் மட்டத்தை வேறு எங்கோ வைத்து அளந்திருக்கிறான் என்பதும், அவனுடைய பூஜ்யமும் எங்களுடைய பூஜ்யமும் ஒன்றில்லை என்பதும் என் புத்திக்கு எட்டவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு முழம் வித்தியாசம். இரண்டு ராஜாங்கத்துக் கல்லும் நடக்கிற தூரத்தில் கிடக்கிற ஊரில் பிறந்தவன்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

இந்தத் தப்பு அப்போதே மாட்டியிருக்க வேண்டும். நானும் அவனும் நெசவுத் தெரு நடுவில் ஒரே முளையில் வந்து சேர்ந்து, இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முறை. நாங்கள் வந்த காலையில் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பாவு விரித்திருந்தார்கள். நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இருபுறமும் பெண்கள் நின்று நீவிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தெருவில் கால் வைக்க முடியாது. நான் கருவியின் மூன்று காலையும் விரிக்கப் போனேன். அம்மாக்கண்ணு என்று ஒரு அம்மாள், நாற்பது வயது இருக்கும், தெருவின் மேற்குக் கோடியில் அவர்கள் வீடு. கையில் கஞ்சித் தூரிகையோடு ஓடி வந்தார்.

“ஏ தம்பி! கண்ணு தெரியல? ஒரு இழை அறுந்துச்சின்னா நீயா வந்து முடி போடுவ? எடு அந்த முக்காலிய!”

“சர்க்கார் வேலைம்மா.”

“இதுவும் வேலதான். வெயிலு ஏறி பாவு காஞ்சப்புறம் வா.”

நான் தெருவின் மேற்கு வாயிலில் ஒரு முளை அடித்தேன், ராஜமாணிக்கம் கிழக்கு வாயிலில் ஒன்று அடித்தான். பாவு எடுத்த பிறகு வந்து நடுவை முடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தால், என் முளை அவனுடையதைவிட ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக உயர்ந்திருந்தது. மேற்கிலிருந்து கிழக்காக, கடலைப் பார்த்து அருமையான சரிவு. எங்களுக்கு வேண்டியது அதேதான். “பாருடா, தெருவே வாய்க்காலுக்கு வழி விட்டுருக்கு” என்றேன். அவனும் சிரித்தான். திரும்பப் போய் நடுவை முடிக்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். நான் சோம்பலால் தப்பு செய்தேன் என்று எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். சோம்பல் வரப்பைத் தாண்ட வைத்தது, அவ்வளவுதான். தப்பை உள்ளே உட்கார வைத்தது அந்தச் சரிவு பிடித்துப்போனதுதான். கணக்கு முரண்டு பிடித்திருந்தால் நாங்கள் இரண்டு பேருமே பத்துத் தடவை திரும்பிப் போயிருப்போம். ஆசைப்பட்ட எண் வந்ததால் ஒருவரும் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வரைபடம் கொடுத்தாயிற்று. கிழக்குப் பாதியையும் மேற்குப் பாதியையும் இரண்டு கூட்டமாக ஆட்கள் வெட்டினார்கள். போக்குவரத்துக்காகவும் பாவுக்காகவும் நெசவுத் தெருவை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார்கள். இரண்டு பாதியும் வெட்டி முடிந்த வாரம் வியாழக்கிழமை காலையில் எங்களுக்குத் தேர்வுக் குழு. தேறியதும், மத்தியானம் எல்லோருமாகப் போய்த் தெருவை வெட்டிச் சேர்த்து, குட்டைக் கரையைத் திறந்துவிடுவதாக ஏற்பாடு. முன்மழையில் குட்டை ஏற்கனவே நிறைந்திருந்தது. வியாழக்கிழமைக்காக அப்பா எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்தார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் “பையனுக்கு. எஞ்சினியர் ஆகப்போறான்” என்று காட்டிவிட்டுத்தான் பொத்தான் வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் முளைகளையும் கொடிகளையும் ஒருமுறை ரசித்துவிட்டு வரலாம் என்று முத்தியால்பேட்டைக்குப் போனேன். வேறு காரணம் இல்லை, பெருமைதான். அன்றும் பாவு விரித்திருந்தார்கள். நீவி முடித்ததும் அம்மாக்கண்ணு சட்டியில் மிஞ்சிய கஞ்சித் தண்ணீரைத் தெருவின் நடுவில் கொட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளைத் தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு நிதானமாக மேற்கே போனது. கிழக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும் என் கொடியைத் தாண்டி, அவர் வீட்டு வாசலில் போய்த் தேங்கியது.

“இன்னிக்கி என்னா இந்தப் பக்கம் போவுது?” என்று கேட்டேன்.

“இன்னிக்கா? நா வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இந்தப் பக்கந்தான் போவுது. கஞ்சியும் எங்க வாசல்லதான், மழையும் எங்க வாசல்லதான். நீங்க ஏதோ கெழக்கால கொடி நட்டுருக்கீங்க. படிச்ச புள்ளைங்க, தண்ணிகிட்ட சொல்லிவச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாசலில் சின்னப் பள்ளம் இருக்கும், அதற்குத் தண்ணீர் ஓடுகிறது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டே கல்லூரிக்கு நடந்தேன். பாதி வழியில் நடை ஓட்டமாகிவிட்டது. கருவியை வாங்கிக்கொண்டு, மத்தியானம் பாவு இல்லாத தெருவில் நட்டு, இரண்டு முளையையும் ஒரே இடத்திலிருந்து பார்த்தேன். பத்து நிமிட வேலை. என் முளை உயரத்தில் இல்லை. ராஜமாணிக்கத்தின் முளைதான் நாலு விரல் உயர்ந்திருந்தது.

 கரையைத் திறந்தால் குட்டைத் தண்ணீர் என் மேற்குப் பாதியில் குடுகுடுவென்று ஓடி வரும், தெருவில் மேடு முட்டும், போக்கில்லாமல் நெசவு வீடுகளுக்குள் ஏறும். இதுவரை மழைக்கு மட்டும் வந்த தண்ணீரை நானே வாய்க்கால் வெட்டி அவர்கள் வீட்டுக்குக் கூட்டி வரப்போகிறேன்.

அன்று சாயங்காலம் கடற்கரையில் ராஜமாணிக்கத்திடம் சொன்னேன். வரப்பு தாண்டியதையும் சொன்னேன். 

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல, சவரி?” என்றான். “என் பாதியில ஒரு விரக்கட தப்பில்ல. தெரியுமில்ல உனக்கு?”

“தெரியும்டா.”

“நம்ம வரைபடத்துல தப்பு இருந்தா ரெண்டு பேரையும் பூர்ஸ் பட்டியல்லேருந்து எடுத்துடுவாங்க. உனக்காவது அப்பா கடை இருக்குது. நா எங்க போவேன்? ஊர்ல என்ன மொகத்த வச்சிக்கிட்டு நிப்பேன்?”

 பிறகு அவனே ஒரு வழி சொன்னான். அவன் கெட்டவன் இல்லை, பயந்திருந்தான். வியாழன் காலையில் தேர்வு. சான்றிதழில் கையெழுத்தாகிவிடும். மத்தியானம்தான் கரை திறப்பு. நடுவில் பெரிய எஞ்சினியரைத் தனியாகப் பிடித்து, ‘ஒரு சந்தேகம் முசியே, இன்னொரு தடவ மட்டம் பாத்துடலாம்’ என்று சொல்லி நிறுத்திவிடலாம். தண்ணீரும் வராது, எங்கள் படிப்பும் போகாது.

எவ்வளவு நேர்த்தியான வழி பாருங்கள்! யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நான் ஒத்துக்கொண்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த கதையை வைத்து என்னை அரிச்சந்திரன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வியாழக்கிழமை. புதுக் கோட்டு. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் பெரிய எஞ்சினியர். கேள்விகளுக்கெல்லாம் நான் மடமடவென்று பதில் சொன்னேன். ராஜமாணிக்கம் நிதானமாகச் சொன்னான். மூன்று பேரும் தலையாட்டினார்கள். கடைசியில் வழக்கமான சடங்கு. அந்தப் படிப்பில் ஒரு முறை வைத்திருந்தார்கள். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், போடுகிறவன் எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, ‘நான் சரிபார்த்தேன், என் பொறுப்பு’ என்று சொல்ல வேண்டும். எங்களுக்கு முன்னால் இருந்த நாலு பேரும் சொல்லிவிட்டார்கள். இதுவரை எனக்கு அது ஒரு சம்பிரதாயம், கோவிலில் மணி அடிப்பது மாதிரி.

பேனா என் கையில். எழுந்து நின்றேன். ‘நான்’ என்று தொடங்கினேன். கஞ்சித் தண்ணீர் கண்முன் வந்தது என்று கதை விட மாட்டேன். எதுவும் வரவில்லை. அந்தச் சொல் வாயிலிருந்து வர மறுத்தது, அவ்வளவுதான். மூன்று வருடமாக யார் கேட்டாலும் பட்டென்று பதில் சொன்ன வாய். பெரிய எஞ்சினியர் நிமிர்ந்து பார்த்தார்.

“முசியே சவரிநாதன்?”

“நான் சரிபார்க்கவில்லை” என்றேன்.

பிறகு எல்லாம் வெளியே வந்துவிட்டது. வரப்பு, கல், அடிக்கணக்கு, நடுவில் முடிக்காமல் விட்ட தெரு. செவ்வாய்க்கிழமையே தெரிந்துகொண்டது உட்பட. ராஜமாணிக்கம் பக்கம் நான் திரும்பவே இல்லை, தைரியம் இல்லை. “இவன் பாதி சரியாக இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது” என்று முடித்தேன். அவனுக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன், இதையாவது செய்வோம் என்று நினைத்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ராஜமாணிக்கம் எழுந்து நின்றான். அவன் பிரெஞ்சு எப்போதும் தடுக்கும். அன்றும் தடுக்கித் தடுக்கித்தான் சொன்னான். “என் பாதி சரி. ஆனால் இரண்டு பாதியும் ஒரே முளையில் சேரவில்லை என்று எனக்குத் தெரியும். சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் தெரியும். சரிவு அழகாக வந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். நானும் சரிபார்க்கவில்லை.”

அவன் அதைச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. நான்தான் அவனைத் தப்பிலிருந்து விடுவித்துவிட்டேனே! எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது, என்ன செய்வது.

பெரிய எஞ்சினியர் பேனாவை வாங்கி மூடினார். கரையில் இருந்த மேஸ்திரிக்கு உடனே ஆள் அனுப்பி, மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு மூன்று பேரும் தங்களுக்குள் நெடுநேரம் பேசினார்கள். தப்பான வரைபடத்தில் கையெழுத்திட்டவனைப் பட்டியலிலிருந்து நீக்கு என்பதுதான் விதி. நாங்கள் கையெழுத்து இடவில்லை. அதனால் நீக்கவும் இல்லை, தேறவும் விடவில்லை. கடற்கரைக் கல்லிலிருந்து தொடங்கி முழு வாய்க்காலையும் மறுபடி மட்டம் பார்த்து, அடுத்த வருடப் பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடி குழுமுன் நிற்க வேண்டும் என்று தீர்ப்பு. “வரப்பைத் தாண்டியதற்கு, கருவியை நீதான் சுமக்க வேண்டும். கூலியாள் கிடையாது” என்று என்னைப் பார்த்து மட்டும் சொன்னார் பெரிய எஞ்சினியர். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை, அன்றும் சிரிக்கவில்லை.

மற்ற நாலு பேரும் அந்த மாதமே வேலையில் சேர்ந்தார்கள். அவர்கள் தொப்பி வைத்துக்கொண்டு சைக்கிளில் போகும்போது நான் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். அப்பா கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தார்.

உண்மையைச் சொன்னதும் எல்லாம் சுபமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். அந்த வருடம் ஐப்பசி மழை வழக்கம்போல வந்தது, குட்டை வழக்கம்போல வழிந்தது, தறிக்குழிகள் வழக்கம்போல நிரம்பின. நாங்கள் ஒழுங்காக ஒரு தரம் தெருவைத் தாண்டிப் பார்த்திருந்தால் அந்த மழைக்குள் வாய்க்கால் ஓடியிருக்கும். அம்மாக்கண்ணு வீட்டுத் தறி மூன்று மாதம் நின்றது. அந்தத் தெரு வழியாகத்தான் நாங்கள் மட்டம் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அவர் வாசலில் நின்று குழித் தண்ணீரைச் சட்டியால் மொண்டு கொட்டிக்கொண்டே கேட்பார்:

“என்னா தம்பி, படிப்பு முடிஞ்சுதா?”

“இல்லக்கா.”

“முடிஞ்சா சொல்லு. அதுக்கப்புறம் தறியில எறங்குறேன்.”

ஒரு நாள் இல்லை, போகும்போதெல்லாம் கேட்பார். ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவான். எனக்குப் பதில் சொல்லாமல் போக மனசு வராது. “இல்லக்கா” என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வேன். என்னை யாரும் அப்படி அவமானப்படுத்தியதில்லை, அதில் ஒரு சொல்லுக்குக்கூட நான் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

ஒவ்வொரு முளையையும் இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்தோம். அவன் பார்த்ததை நான் பார்க்காமல் எழுத மாட்டேன், நான் பார்த்ததை அவன் பார்க்காமல் எழுத மாட்டான். கணக்கு அழகாக வந்தால் மூன்றாவது தடவையும் பார்த்தோம். நெசவுத் தெருவில் பாவு காயும்வரை காத்திருந்து நடுமுளையில் சேர்ந்தோம். கிழக்குப் பாதியை ஒரு முழம் கூடுதலாக ஆழப்படுத்த வேண்டியிருந்தது. வெட்டினதையே வெட்டுவதா என்று ஆட்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். கேட்டுக்கொண்டோம்.

மறுவருடம் குழு கூடுவதற்கு ஒரு வாரம் இருக்கும். தெருவுக்கு நடுவிலும் வாய்க்கால் வெட்டிச் செங்கல் கட்டிவிட்டார்கள். கரையை இன்னும் திறக்கவில்லை. காலையில் நாங்கள் இருவரும் போனபோது பாவு நீவி முடிந்திருந்தது. அம்மாக்கண்ணு கஞ்சிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வாசலில், வாய்க்கால் ஓரமாக நின்றார். எங்களைப் பார்த்துவிட்டார். கொட்டாமல் காத்திருந்தார்.

“என்னா, ஊத்தட்டுமா?”

ராஜமாணிக்கம் என் கையைப் பிடித்துக்கொண்டான். எங்கள் இரண்டு பேருடைய நோட்டுப் புத்தகத்திலும் விடை இருந்தது, மூன்று தடவை பார்த்த விடை. இருந்தும் அவன் பிடியை விடவில்லை. 

“ஊத்துங்கக்கா” என்றேன்.

கொட்டினார். வெள்ளைத் தண்ணீர் செங்கல்லில் பரவி, முன்போலவே ஒரு கணம் தயங்கியது. பிறகு கிழக்கே திரும்பியது. தெருவின் நடுமுளை இருந்த இடத்தைத் தாண்டி, கிழக்கு வாயிலைத் தாண்டி, அங்கே புதிதாகக் கட்டியிருந்த சின்னப் பாலத்துக்கு அடியில் நுழைந்து போனது. பெண்கள் பாவின் பக்கத்திலிருந்து வந்து பார்த்தார்கள். அம்மாக்கண்ணு வெறும் சட்டியோடு குனிந்து, அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், எப்போதும் கேட்பதையே கேட்டார்.

“என்னா தம்பி, படிப்பு முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுக்கா” என்றேன்.

ராஜமாணிக்கம் என் விலாவில் இடித்தான். “டேய், தேர்வு அடுத்த வாரம்டா!”

“முடிஞ்சுதுடா” என்றேன்.